அடுப்புக்கு எத்தனை பங்கு

தாழைக்குளத்துக் கரையில் ஒரு சிறிய மடம். அதில் இருந்தது இரண்டே பேர். குரு உலகம்மைக்கு முப்பத்தாறு வயது. சீடர் சங்கரநயினாருக்கு ஐம்பத்தெட்டு.

சீடரைவிடக் குரு இளையவர் என்பதில் ஊருக்குச் சிரிப்பு. உலகம்மைக்கும் அதில் சிரிப்புதான்.

"வயதில் நீர் மூத்தவர். பசியில் நான் மூத்தவள். சரியாகப் போயிற்று" என்பார்.

நயினார் முப்பது வருடம் பாளையத் தலைவரின் களஞ்சியத்தில் கணக்கராக இருந்தவர். மனைவி காலமான பிறகு, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு, சாவிக்கொத்தை அரண்மனையில் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்தார். வந்து இரண்டு வருடம் ஆகிறது. மடத்தைக் கூட்டுவார். குளத்திலிருந்து தண்ணீர் சுமப்பார். செல்லரித்த ஏடுகளைப் பார்த்துப் புது ஓலையில் எழுதுவார். ஒன்று மட்டும் செய்யமாட்டார். திருவோடு ஏந்தித் தெருவுக்குப் போகமாட்டார்.

காலையில் உலகம்மையே ஓட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கிடைத்ததை இரண்டு பேரும் பகிர்ந்து உண்பார்கள். குரு பிச்சை எடுக்க, சீடர் உட்கார்ந்து சாப்பிடுவது முறையில்லை என்று நயினாருக்குத் தெரியும். ஆனால் அதே தெருக்களில் மரக்காலும் கையுமாக நின்று, மேலே குவிந்ததைத் தலை தட்டி, நெல்லை அளந்து அளந்து வரியாக வாங்கியவர் அவர். அந்த வாசல்களில் கையேந்தி நிற்பதை நினைத்தாலே அவருக்குக் காது சூடாகிவிடும்.

உலகம்மை அதைப்பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். குளம் பாதிக்கு வந்துவிட்டது. பாளையத் தலைவர் களஞ்சியத்தைத் திறக்க முடிவு செய்தார். வீட்டுக்கு ஒரு கோட்டை நெல். ஒரு சின்னக் குடும்பம் அதை வைத்து மூன்று மாதம் கஞ்சி குடிக்கலாம். ஆனால் ஊரில் வீடு நூற்றுப் பன்னிரண்டு. நெல் இருந்ததோ நாற்பது வீட்டுக்கு மட்டும்.

எந்த நாற்பது வீடு?

தலைவர் ஆள் அனுப்பினார். "சங்கரநயினாரைவிட இந்த ஊரை அறிந்தவர் இல்லை. பத்து நாளில் பட்டியல் வேண்டும்."

நயினார் குருவிடம் வந்து நின்றார்.

"போகலாமா, அம்மை?"

"தாராளமாகப் போம். இல்லாத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்?"

நயினாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

"முப்பது வருடத்தில் நான் கண்டது ஒன்று உண்டு, அம்மை. கையில் வருவதைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறவன் வீட்டில் நாலு பங்கோ ஐந்து பங்கோ அடுப்புக்குப் போகும். மிச்சம் துணிக்கு, நகைக்கு, ஓட்டுக்கூரைக்கு. இல்லாதவன் வீட்டில் எட்டு, ஒன்பது பங்கு அடுப்புக்கே போய்விடும். வயிறு கேட்பதைக் கொடுத்துவிட்டுத்தானே மற்றதெல்லாம்? வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அடுப்புக்கு எத்தனை பங்கு?"

உலகம்மை கவனமாகக் கேட்டார்.

"நல்ல கேள்வி. நம் மடத்தில் எத்தனை பங்கு?"

நயினார் விழித்தார். "நமக்கு வருவதே சோறுதானே, அம்மை. பத்தும் அடுப்புக்குத்தான். இல்லை, நமக்கு அடுப்பே இல்லையே."

"அப்படியானால் நாம் பரம ஏழையா, பெரிய பணக்காரரா?"

"நம்மைக் கணக்கில் சேர்க்க முடியாது."

உலகம்மை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சரி, போய் வாரும். நம்மை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணும்."

நயினார் ஐந்து நாள் நடந்தார். நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்டார். பதிலை ஓலையில் கீறிக்கொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

செக்காட்டும் கொம்பையாவின் வீட்டில் அவன் மனைவி மாடத்திதான் பதில் சொன்னாள்.

"அஞ்சு பங்கு சாப்பாட்டுக்குங்கய்யா."

"மிச்சம் அஞ்சு?"

"வைக்கோல், பருத்திக்கொட்டை, கயிறு. எல்லாம் மயிலைக்கு."

மயிலை என்பது செக்கிழுக்கும் காளை. நயினார் அதைப் பார்த்தார். பளபளவென்று நின்றது. ஐந்து என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

கொல்லர் நம்பிராசன் வீட்டில் அவன் மனைவி செண்பகவடிவு அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒன்பதுன்னு எழுதுங்க கணக்கரய்யா! பத்துன்னே எழுதினாலும் சரிதான்!"

ஒன்பது என்று எழுதினார். பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மாலை பட்டியல் தயாரானது. எட்டு பங்குக்கு மேல் சொன்ன வீடுகள் சரியாக நாற்பது. நயினார் அதைக் குருவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். உலகம்மை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு இடத்தில் மட்டும் அவர் புருவம் கொஞ்சம் அசைந்தது. ஒன்று, நம்பிராசன் பெயர் வந்தபோது. இன்னொன்று, பட்டியல் முடிந்துவிட்டது என்று நயினார் சொன்னபோது.

"எப்படி இருக்கிறது, அம்மை?"

"அழகாக இருக்கிறது. ஒப்படைக்க இன்னும் எத்தனை நாள்?"

"ஐந்து நாள்."

உலகம்மை எழுந்து போனார். சுவரில் மாட்டியிருந்த திருவோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"எனக்குக் கால் வலிக்கிறது, நயினாரே. மூன்று நாளைக்கு நீர் போய் வாரும்."

அவருக்குக் கால் வலி ஏதும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நயினார் ஓட்டைப் பார்த்தார். அது அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நான் போனால் யார் போடுவார்கள், அம்மை?"

"போய்ப் பார்த்தால் தெரியும். ஒன்று மட்டும். கேள்வி கேட்கக் கூடாது. ஓலை எடுத்துப் போகக் கூடாது."

மறுநாள் காலை நயினார் மேலத் தெருவில் நுழைந்தார். தலையை நிமிர்த்தவில்லை. முதல் வாசலில் நின்றவருக்குக் குரல் எழும்பவில்லை. இரண்டு வருடமாகப் பாடம் கேட்டும் வாசலில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துவிட்டது. தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான்.

குயவர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். கணக்கரய்யா. கையில் ஓடு.

"ஏ, எல்லாரும் வந்து பாருங்க! அளந்து வாங்கின கை ஏந்திக்கிட்டு நிக்கி!"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நயினாருக்குக் காது சூடானது. பூமி பிளந்தால் தேவலை என்று நின்றார். ஆனால் அவர்கள் சிரித்த சிரிப்பில் விஷம் இல்லை. நெடுநாளாகத் திருவிழா பார்க்காத ஊருக்குத் திடீரென்று தேர் வந்ததுபோல் ஒரு சிரிப்பு. குயவர் வீட்டுப் பெண் ஒரு கை வரகுச்சோறு போட்டாள். போட்டுவிட்டு, "தலை தட்டணுமா கணக்கரய்யா? மரக்கால் கொண்டாந்தீகளா?" என்றாள்.

மறுபடி தெரு அதிர்ந்தது. இந்தத் தடவை நயினாருக்கும் வாயோரம் துடித்தது. அடக்கிக்கொண்டார்.

கொல்லர் வீட்டு வாசலில் பட்டறைச் சத்தம் காதைப் பிளந்தது. உள்ளே நாலு பேர் கடப்பாரைக்கு முனை அடிக்கக் காத்திருந்தார்கள். செண்பகவடிவு ஓடிவந்தாள். ஓட்டில் பருப்புச்சோறு விழுந்தது. அதன்மேல் நெய். அதன்மேல் கருவாட்டுக் குழம்பு என்று அவள் கரண்டியைச் சாய்க்க, "மடத்தில் கருவாடு ஆகாதும்மா" என்று நயினார் ஓட்டை மூடிக்கொண்டார்.

"அடடா, மறந்துட்டேன் சாமி. அப்ப ஒரு அதிரசம் போடுதேன்."

போட்டாள்.

ஒன்பது பங்கு வீட்டில் அதிரசமா என்று நயினார் யோசித்துக்கொண்டே நடந்தார்.

கடைசியாகக் கொம்பையா வீடு. மாடத்தி அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இருங்க சாமி" என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வந்து, ஓரகப்பை கம்பங்கூழ் ஊற்றிக் கும்பிட்டாள்.

மடத்துக்கு வந்ததும் உலகம்மை ஓட்டை எட்டிப் பார்த்தார். அதிரசத்தைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"எனக்கு ஒரு வருடமாக அதிரசம் கிடைத்ததில்லை. உமக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. ராசிக்காரர்."

பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். "இந்தக் கூழ் யார் வீட்டுக் கூழ்?"

"கொம்பையா வீட்டுக் கூழ்."

"அகப்பைச் சத்தம் எப்படி இருந்தது?"

"அகப்பைச் சத்தமா?"

"உள்ளே மொள்ளும்போது கேட்டிருக்குமே."

"கவனிக்கவில்லை, அம்மை."

"நாளைக்குக் கவனியும்."

இரண்டாம் நாள் நயினாருக்குக் குரல் வந்துவிட்டது. "பிச்சை, தாயே" என்று குயவர் வீட்டு வாசலில் சொன்னார். தெரு முந்தின நாள்போலவே கூடியது. ஆனால் சிரிப்பு பாதியாகிவிட்டது. மற்ற பாதி பேச்சாகிவிட்டது. "மூத்த மக எப்படி இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "இடுப்பு வலிக்கு நொச்சி போட்டுக் குளிங்க" என்று இன்னொருத்தி சொன்னாள். முப்பது வருடத்தில் அந்தத் தெருவில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

கொம்பையா வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார். மாடத்தி "இருங்க சாமி" என்று உள்ளே போனாள். நயினார் காதைத் தீட்டிக்கொண்டார்.

அகப்பை பானையின் அடியில் மோதியது. பிறகு சுரண்டும் சத்தம். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் வெறும் மண்ணில் மரம் உரசும் ஓசை.

களஞ்சியத்தில் குதிர் காலியாகும்போது அந்த ஓசையை நயினார் கேட்டிருக்கிறார். ஆனால் அது வருடக் கடைசியில். இங்கே காலை வேளை.

மாடத்தி வந்து கூழை ஊற்றினாள். நேற்றையதைவிடத் தண்ணீராக இருந்தது. அதே கும்பிடு.

நயினார் நகரவில்லை. கேள்வி கேட்கக் கூடாது என்பது குருவின் சொல். கேட்காமல் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அப்போது வீட்டுப் பக்கவாட்டிலிருந்து கொம்பையாவின் குரல் வந்தது.

"யாரு, கணக்கரய்யாவா? இங்க வாங்க. வெயில்ல ஏன் நிக்கீக?"

நயினார் செக்குக் கொட்டகைக்குள் போனார். கொம்பையாவும் அவன் மூன்று பிள்ளைகளும் காளைக்குப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முறம். முறத்தில் எள்ளுப் பிண்ணாக்கு, உப்பு, நாலைந்து சுட்ட மிளகாய். ஒரு கட்டியை உடைத்து மயிலைக்கு நீட்டுவதும், அடுத்த கட்டியை ஒரு பிள்ளை வாயில் போடுவதுமாக இருந்தான் கொம்பையா.

"ஒரு துண்டு தின்னு பாருங்க. நேத்து ஆட்டினது. எண்ணெய் வாசம் போகல."

நயினார் வாங்கி வாயில் போட்டார். உப்பும் உறைப்புமாக, எள் மணத்தோடு நன்றாகத்தான் இருந்தது.

"ருசியாக இருக்கிறதே."

"இருக்கும். பத்து நாளா இதுதான். பிள்ளைகளுக்கு ஒரு வேளை கூழு, ஒரு வேளை இது. மயிலைக்கு ரெண்டு வேளையும் வைக்கோல்." கொம்பையா காளையின் முதுகில் தட்டினான். "இவன் எங்க வீட்டு மூத்த பிள்ளை. நாங்க மெலிஞ்சா செக்கு சுத்தும். இவன் மெலிஞ்சா சுத்தாதுல்லா?"

கடைக்குட்டிப் பெண் சிரித்தாள். "மயிலை எங்கள விட நல்லாச் சாப்பிடுது."

நயினார் பிள்ளைகளின் விலா எலும்புகளைப் பார்த்தார்.

பாதி வயிறு. அதனால்தான் ஐந்து பங்கு.

"மாடத்தி எப்போது சாப்பிடுகிறாள்?" என்று கேட்டுவிட்டார். குருவின் சொல்லை மீறிவிட்டோம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கொம்பையா காளையைப் பார்த்தான். "கேட்டா, முன்னாலயே சாப்பிட்டேன்னு சொல்லுதா."

நயினார் கையில் இருந்த ஓட்டைப் பார்த்தார். அதில் அவளுடைய காலைச் சாப்பாடு இருந்தது.

அன்று மடத்தில் அவரால் சாப்பிட முடியவில்லை. நடந்ததைச் சொன்னார். உலகம்மை எழுந்தார். ஓட்டிலிருந்த கூழைத் தனியாக ஒரு சட்டியில் ஊற்றி அவரிடம் கொடுத்தார். "உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாரும்" என்றார்.

"பிச்சை போட்டதைத் திருப்பிக் கொடுத்தால் அவமானப்படுவாளே, அம்மை."

"மடத்துப் பிரசாதம் என்று சொல்லும். இன்றைக்குக் கொல்லர் வீட்டில் போட்ட இந்த அதிரசத்தையும் மேலே வையும். பொய் ஆகாது."

நயினார் ஓட்டமும் நடையுமாகப் போனார். மாடத்தி பிரசாதம் என்றதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். அதிரசத்தை நாலாகப் பிய்க்கப் போனாள். "இது உனக்கு மட்டும்தான். மடத்து உத்தரவு" என்றார் நயினார் கண்டிப்பான குரலில். களஞ்சியத்தில் பேசும் குரல். அவள் பயந்துபோய் அங்கேயே நின்று முழுவதையும் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் அவர் நேராகக் கொல்லர் வீட்டுக்குப் போனார். இப்போது அவருக்குச் சந்தேகம் எல்லாப் பக்கமும் இருந்தது.

பட்டறையில் கூட்டம் முந்தின நாளைவிட அதிகம். ஊர் முழுக்கக் கிணற்றைத் தூர் வாங்குகிறார்கள், ஆழப்படுத்துகிறார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் நாளுக்கு இரண்டு தடவை முனை மழுங்கின. நம்பிராசன் வியர்வை வழிய அடித்துக்கொண்டிருந்தான். நன்றாகச் சதை போட்டிருந்தான்.

செண்பகவடிவு இலை நிறையக் கொண்டுவந்து ஓட்டில் சரித்தாள். பொங்கல், வாழைக்காய்ப் பொரியல், தயிர்.

"அம்மா, அன்றைக்கு ஒன்பது பங்கு என்று சொன்னாயே" என்றார் நயினார். கேள்வி கேட்கவில்லை, சொல்லத்தான் செய்கிறோம் என்று மனதுக்குள் சமாதானம் செய்துகொண்டார்.

"ஆமா சாமி. பொய்யா சொல்லப்போறேன்? ரெண்டு வருசமா அவுகளுக்கு வயித்துல ஒண்ணும் தங்காது. கஞ்சித் தண்ணி குடிச்சாலும் வெளிய வந்துரும். எலும்பும் தோலுமா கிடந்தாக. நான் கும்பிடாத சாமி இல்ல. இந்தத் தையில ஒரு நாள், 'ஏட்டி, கருவாட்டுக் குழம்பு வைக்கியா?'ன்னு கேட்டாக பாருங்க..." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உடனே சிரித்தும் விட்டாள். "அன்னையிலிருந்து கேட்டதெல்லாம் வைக்கேன். கேக்காததையும் வைக்கேன். தோடு வாங்கித் தாரேங்காக. தோட்டை வச்சு என்ன செய்ய? ஆட்டுக்கால் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன். அதான் ஒன்பது. ஆமா, அதை எதுக்குக் கேட்டீக?"

நயினார் தயங்கினார். பிறகு சொன்னார். எட்டுக்கு மேல் போனால் ஏழை. ஏழைக்குக் களஞ்சியத்தில் ஒரு கோட்டை நெல்.

 செண்பகவடிவு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பட்டறையில் சம்மட்டி நின்றது.

"என்னாங்க! இங்க வாங்க! நாம ஏழையாம்! நீங்க தின்ன தீனியில நம்மள ஏழைன்னு எழுதிட்டாக!"

நம்பிராசனும் வந்து சிரித்தான். கடப்பாரைக்காரர்களும் சிரித்தார்கள். நயினார் எல்லாரையும் பார்த்தார். இரண்டு நாளாக வாயோரத்தில் அடக்கிவைத்திருந்தது இப்போது அடங்கவில்லை. அவரும் சிரித்தார். தோள் குலுங்க, ஓட்டிலிருந்து பொங்கல் சிந்தச் சிரித்தார்.

அந்த மூன்று நாளில் மற்ற வாசல்களிலும் நின்று பார்த்ததை வைத்து நயினார் பட்டியலைத் திருத்தினார். ஒப்படைக்கும் நாள் வந்தது. பாளையத் தலைவர் ஓலையைக் கையில் வாங்கிப் படித்தார். கீழே, நயினாரே எழுதியிருந்த விதியையும் படித்தார். நெற்றி சுருங்கியது.

"எட்டு பங்குக்கு மேல் போனால் கொடுக்க வேண்டும் என்று நீரே எழுதியிருக்கிறீர். ஒன்பது பங்குக் கொல்லன் பெயரை அடித்துவிட்டு, ஐந்து பங்குச் செக்குக்காரனை முதல் பெயராகப் போட்டிருக்கிறீர். என்ன இது?"

"ஆமாம், எஜமானே."

"செக்குக்காரன் மடத்துக்கு எண்ணெய் கொடுக்கிறானா?"

சபையில் இருந்தவர்கள் நயினாரைப் பார்த்தார்கள். முப்பது வருடத்தில் அவர்மேல் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கொடுக்கிறான். விளக்குக்குத் தினமும் ஒரு கரண்டி."

"பிறகு?"

"நான் அவன் வீட்டில் பிச்சை எடுத்தேன், எஜமானே. அவன் மனைவி தன் பங்கை எனக்கு ஊற்றினாள். பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அதை எந்தப் பங்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை."

தலைவர் ஓலையை மறுபடி பார்த்தார். அந்த நேரம் வாசலில் சலசலப்பு. நம்பிராசன் உள்ளே வந்தான். அவனை அவன் மனைவிதான் தள்ளிவிட்டிருக்க வேண்டும். அவள் முந்தானை கதவுக்குப் பின்னால் தெரிந்தது.

"மன்னிக்கணும் எஜமான். என் பேரை அடிச்சதுக்குக் கணக்கரய்யாவ ஒண்ணும் சொல்லாதீக. எங்க வீட்ல இருக்கு. நான்தான் தின்னே தீர்க்கேன்."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார்.

"நயினாரே, அப்படியானால் என் கணக்கர்கள் எல்லாரும் இனி ஓடு ஏந்த வேண்டுமா?"

நயினார் நிதானமாக யோசித்தார்.

"விதி நல்ல விதிதான், எஜமானே. முப்பத்தொன்பது வீட்டைச் சரியாகக் காட்டியது. ஆனால் மூன்று நாள் ஏந்தினால் நல்லது. அதற்குமேல் வேண்டாம், உடம்பு பருத்துவிடும்."

வெள்ளிக்கிழமை களஞ்சியம் திறந்தது. நயினாரே மரக்கால் பிடித்து அளந்தார். ஒவ்வொரு மரக்காலிலும் தலை தட்டாமல், கூம்பு குவிய விட்டார். களஞ்சியத்துப் புதுக் கணக்கன் இருமினான். நயினாருக்கு அன்றைக்குக் காது கேட்கவில்லை.

மாலையில் ஊர் முழுக்க உலக்கைச் சத்தம். மேலத் தெருவில் ஒரு வீட்டில் குத்தும்போது எதிர் வீட்டிலிருந்து பாட்டு வந்தது. உமி வாசம் குளக்கரைவரை வந்தது. உலகம்மை மடத்து வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை. நயினார் ஏந்த வேண்டிய மூன்று நாளும் முடிந்து சில நாளாகியிருந்தது. உலகம்மை ஓட்டை எடுக்கக் கை நீட்டினார். சுவரில் ஓடு இல்லை. நயினார் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. ஓட்டைக் குருவின் முன்னால் வைத்தார். ஓடு கொள்ளாமல் வெள்ளைச் சோறு. ஆவி பறந்தது. நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றியிருந்தது.

"கொம்பையா வீட்டில்" என்றார் நயினார். "அந்த வாசலைத் தாண்டிப் போய்விடலாம் என்று வேகமாக நடந்தேன், அம்மை. மாடத்தி நடுத்தெருவில் வந்து மறித்துவிட்டாள். 'களஞ்சியத்து நெல்லுச் சோறு. மடத்துக்குப் போட்டுட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போடணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்' என்கிறாள். வேண்டாம்மா, உன் பெயர் பட்டியலில் இருக்கிறது, இல்லாத வீட்டில் நான் வாங்கக் கூடாது என்றேன். ஓட்டைப் பிடுங்கிச் சோற்றைப் போட்டுவிட்டாள். இதை நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

"போடும்போது அவள் முகம் எப்படி இருந்தது?"

நயினார் நினைத்துப் பார்த்தார். அவரை அறியாமல் அவர் முகம் தெளிந்தது.

"கல்யாண வீட்டுக்காரி மாதிரி இருந்தாள்."

உலகம்மை சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி அவர் கையில் வைத்தார்.

"கல்யாண வீட்டில் போய் வேண்டாம் என்று சொல்வார்களா, நயினாரே? சாப்பிடும்."